ஒரு தெரு மேலே

மிக்தாலியா டீச்சரிடம் யாராவது வழி கேட்டால் அவர் சொல்ல மாட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க" என்று கூடவே நடந்து, கேட்டவரை அந்த வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் திரும்புவார். நிகராகுவாவின் தலைநகர் மனாகுவா வெயிலில், ஐம்பத்து நாலு வயதில். எங்கள் பள்ளியில் இதை வைத்து ஒரு கேலி உண்டு: "மிக்தாலியாகிட்ட மட்டும் வழி கேக்காதே, உன் வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் திரும்புவா." நான் அங்கே கணினி அறையைப் பார்த்துக்கொள்பவன். நாலு வருடம் நானும் சேர்ந்து சிரித்தேன்.

எட்டாம் வகுப்புக்கென்று அவர் கேட்டு நான் கணினியில் ஒரு வரைபடம் செய்து கொடுத்திருந்தேன். அடியில் இன்றைய நகரம். அதன்மேல், எழுபத்திரண்டாம் வருட நிலநடுக்கத்துக்கு முன்பு விமானத்திலிருந்து எடுத்த பழைய படம். விரலால் இழுத்தால், புல் மண்டிய காலி மனைகளை ஓட்டுக்கூரைகள் வந்து மூடிக்கொள்ளும். இன்னொரு பொத்தானைத் தொட்டால் நிலத்தடிப் பிளவுகள் சிவப்புக் கோடுகளாக எழும்பும். அறிவியல் பாடத்தில் தரை ஏன் அசைந்தது என்று காட்டுவார். அடுத்த மணியில், அதே படத்தில், அசைந்தபோது யார் எங்கே தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பார். பிள்ளைகள் வீட்டில் விசாரித்து, இல்லாமல் போன வீடுகளின் விலாசங்களைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்தார்கள். புள்ளியைத் தொட்டால் அந்தந்த வீட்டுப் பெரியவர்களின் குரல் பேசும்.

எங்களூர் விலாசத்தில் கதவு எண் கிடையாது. ஏதாவது ஓரிடத்திலிருந்து தெருக்களை எண்ணிக்கொண்டு போக வேண்டும். அந்த இடம் இடிந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, 'இருந்த இடம்' போதும். வடக்கு என்றால் ஏரிப்பக்கம். மேலே என்றால் சூரியன் ஏறி வரும் கிழக்கு. கீழே என்றால் அது இறங்கும் மேற்கு.

நவம்பரில், பள்ளி மூட ஒரு வாரம் இருக்கும்போது, கெய்லிங் என்ற பெண் எழுந்தாள். டீச்சர்களை எங்களூரில் 'ப்ரொஃபே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ப்ரொஃபே, எல்லார் வீட்டையும் போட்டாச்சு. உங்க வீடு எங்க?"

"எனக்கு எதுக்கு?"

"நல்லா இருக்கே! எங்க தாத்தாவை மட்டும் ரெண்டு மணி நேரம் அழ வெச்சீங்க!"

வகுப்பு சிரித்தது. டீச்சர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு சொன்னார்: "சோப்பு ஆலை இருந்த இடத்துலேருந்து ரெண்டு தெரு ஏரிப்பக்கம், ஒரு தெரு மேலே."

யாதெர் பெரிய திரைக்கு ஓடினான். கோஸ்டா ரிகாவில் வளர்ந்து, போன வருடம்தான் ஊர் திரும்பியவன்; அதனால் வகுப்பில் அவனுக்கு 'டிக்கோ', அதாவது கோஸ்டா ரிகாக்காரன், என்று பெயர். சோப்பு ஆலையில் விரலை வைத்து, ஏரியை நோக்கி இரண்டு தெரு நகர்த்தினான். "ஒண்ணு மேலே" என்று முணுமுணுத்துக்கொண்டே, திரையில் இன்னும் ஒரு தெரு நேராக ஏற்றிப் புள்ளியை வைத்தான்.

"டேய் டிக்கோ! மேலேன்னா சூரியன் பக்கம்டா, கூரைப் பக்கம் இல்ல!"

"படத்துல மேலே இதானே? கிழக்கே நூறு மீட்டர்னு ஒழுங்காச் சொல்லுங்க, நானும் ஒழுங்காப் போறேன்."

"இதுதான்னா மூணு தெரு ஏரிப்பக்கம்னே சொல்லியிருப்பாங்களே, மரமண்டை!"

"இவன்கிட்ட சோறு குடுத்தனுப்பினா ஏரி மீனுக்குத்தான் போய்ச் சேரும்!"

டீச்சர் சிரிக்கவில்லை. "அதை அழிக்காதே" என்றார். யாதெர் பயந்து விரலை எடுத்தான். "பெரிசாக்கு."

பழைய படம் பெரிதானது. புள்ளி விழுந்த வீட்டு முற்றத்தில் வட்டமாக ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

"இது பல் டாக்டர் வீடு" என்றார், யாரிடம் என்றில்லாமல். மணியடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அதுவரைக்கும் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெய்லிங் எழுந்துபோய் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

பிள்ளைகள் போனபின் நான் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவராகவே சொன்னார்.

அப்போது அவருக்குப் பத்து வயது. அம்மா ஏற்கெனவே இல்லை. நிலநடுக்கத்தன்று அவர் ஊருக்கு வெளியே சித்தி வீட்டில் இருந்தார். வீட்டில் அப்பாவும், செயோ என்ற ஐந்து வயதுத் தம்பியும். நினைவிழந்து கிடந்த அப்பாவை யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். செயோ உள்ளே மாட்டிக்கொண்டான். மறுநாள் மத்தியானம் தடுப்புக் கயிற்றருகே வெளிநாட்டு மீட்புக்காரர்கள், ஜீப்பின் முன்பக்கத்தில் நகரப் படத்தை விரித்து வைத்திருந்தார்கள்.

"நானும் வரேன்னேன். உள்ளே நெருப்பு, கொழந்தைய விட மாட்டோம், வாயால சொல்லு போதும்னாங்க. சொன்னேன். அந்த ஆள் படத்துல விரலை வெச்சு நகர்த்தினார்." திரையைக் காட்டினார். "இவனை மாதிரியே."

ஒன்றரை நாள் தோண்டினார்கள், பல் டாக்டர் வீட்டை. டாக்டர் குடும்பம் பண்டிகைக்கு வெளியூர் போயிருந்தது. டீச்சர் வீட்டு இடிபாட்டுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் மூன்றாம் நாள் விடியும்வரை கேட்டதாக, செயோ இருந்த தெருவில் ஒருத்தி பிறகு சொன்னாள்.

"பதட்டத்துல நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்னு நெனச்சேன். அப்பாவும் அப்படித்தான் நெனச்சார்."

அப்பா அவரை அடித்ததில்லை, திட்டியதுமில்லை. வாசலில் யாராவது வழி விசாரித்தால் மட்டும் உள்ளிருந்து குரல் வரும்: "அவகிட்ட மட்டும் வழி கேக்காதீங்க."

என் கையிலிருந்த கம்பி சுருள் பிரிந்து விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை.

"நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன், இல்லையா?"

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க, ப்ரொஃபே."

நாற்பத்து நாலு வருடத்தில் அதை அவரிடம் சொன்ன முதல் ஆள் நான். சொல்லியிருக்க வேண்டிய அப்பா அந்த ஜூனில்தான் இறந்துபோயிருந்தார்.

"அஞ்சு மாசம்" என்றார். "இந்தப் பையன் இந்தத் தப்ப அஞ்சு மாசம் முன்னாடி பண்ணியிருக்கக் கூடாதா?"

பிறகு எழுந்துபோய், ஆலையிலிருந்து இரண்டு தெரு ஏரிப்பக்கம், ஒரு தெரு மேலே, தன் கையாலேயே ஒரு புள்ளி வைத்தார். 'செயோ, ஐந்து வயது' என்று எழுதினார். குரல் எதுவும் பதியவில்லை. யாதெர் வைத்ததை நான் நீக்கப் போனேன். "இருக்கட்டும். அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

சேர்ந்தே வெளியே வந்தோம். வாயிலில் காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள். "தாயி, இங்க ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?"

டீச்சர் என்னைப் பார்த்தார்.

"ஒரு தெரு ஏரிப்பக்கம். அப்புறம் ரெண்டு தெரு மேலே."

அவர் வாயால் வழி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் தலையசைத்துவிட்டுப் போனாள். மூலையில் சரியாகத்தான் திரும்பினாள், கிழக்கே.

ஆனால் அதற்குள் பை டீச்சரின் தோளில் ஏறியிருந்தது. "நீங்க போங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் பின்னால் வேகமாக நடக்கத் தொடங்கினார்.