வலது ஐந்து

கையுறையை முதலில் இடது கைக்குப் போடுவார். அந்த மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்காது, நேரமாகும். பிறகு வலது. இஞ்சி பிஸ்கட் ஒன்றைப் பாதி கடித்து மீதியைக் கணினிப் பெட்டியின் மேல் வைப்பார். கால்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வாளி இருக்கிறதா என்று குதிகாலால் தட்டிப் பார்ப்பார். ஹெட்செட்டைத் தலையில் மாட்டிப் பின்பக்கத் திருகை இரண்டு சுற்று இறுக்குவார். கண் மறைந்ததும், "சரியா?" என்று கேட்பார். பதில் வருவதற்கு வேண்டிய நேரம் காத்திருப்பார். பதில் வராது. அதற்குப் பிறகுதான் முதல் கியர்.

என் அப்பா வார்விக் டில்யார்டுக்கு எழுபத்தொரு வயது. ஸ்காட்ஸ்டேலைச் சுற்றியுள்ள பண்ணைகளில் நாற்பது வருடம் டிராக்டர் பழுது பார்த்தவர். விடுமுறை நாட்களில் காட்டுச் சாலைகளில் ரேலிப் பந்தயம் ஓட்டியவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து குறிப்பு வாசித்தவர் என் அம்மா நோலீன். ஜூலையில் அம்மா இறந்தார். அதிலிருந்து அப்பா தன் ஸ்டியரிங்குக்குப் பொருத்தமான ரேஸ் சிமுலேட்டர் மென்பொருளைத் தேடிக்கொண்டிருக்கிறார். மூன்று வாங்கியாயிற்று. எது உண்மையானது என்று இன்னும் முடிவாகவில்லை.

கராஜில், பின்பக்கம் சரக்கேற்றும் யூட் வண்டி நின்ற இடத்தில் இப்போது அந்த அமைப்பு நிற்கிறது. சட்டம் அவரே பற்றவைத்தது, உருளைக்கிழங்கு அறுவடை இயந்திரத்தின் பழைய இரும்பு. இருக்கை அவர்களுடைய முதல் டட்சன் காரிலிருந்து கழற்றியது. ஸ்டியரிங்கின் பின்னால் இருக்கும் மோட்டாருக்கு உண்மையான சக்கரத்தின் பலம் உண்டு. அசட்டையாகப் பிடித்தால் கட்டைவிரலைத் திருகிவிடும். இருக்கையின் இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி, ஒரு சமையலறை நாற்காலி. அதில் யாரும் உட்காருவதில்லை. வாரம் ஒருமுறை துடைத்துவைப்பார்.

ஸ்டியரிங்கை அவர் பிடிப்பது கடிகாரத்தில் பத்துக்கும் இரண்டுக்கும். வேறு பிடி அவருக்குத் தெரியாது, பொறுக்கவும் பொறுக்காது. பதினேழு வயதில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது ஒரு கையை மடியில் வைத்ததற்காக வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். "அந்தக் கைக்கு வேற என்ன வேலை இருக்கு, சொல்லு பாப்போம்" என்றார். நான் சொல்லும்வரை வண்டி நகரவில்லை. இன்றும் தொலைக்காட்சியில் யாராவது ஒற்றைக் கையால் ஓட்டினால் ஒலியைக் குறைத்துவிட்டு வெளியே போய்விடுவார்.

சிமுலேட்டர் வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகளை அவர் கேட்கவில்லை. எத்தனை கார், எத்தனை மைதானம், மழை பெய்யுமா, ஹெட்செட்டில் படம் தடையில்லாமல் ஓடுமா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. இணைய மன்றத்தில் ஒரே கேள்வி எழுதினார்: என் சாலையை நானே உள்ளே போடலாமா? எந்தச் சாலை என்று ஒருவர் ஆர்வமாகக் கேட்டிருந்தார். அப்பா பதில் எழுதவில்லை.

மூன்றுக்கும் அவர் வைத்த பெயர்கள் உண்டு. முதலாவது 'சோப்பு'. ஜல்லித் தரையில் டயர் பிடிப்பதே இல்லை. இரண்டாவது 'தண்டவாளம்'. பிடித்தால் விடுவதே இல்லை. மூன்றாவது 'வாத்தியார்'. "இது ஒண்ணும் சொல்லாது. தப்புப் பண்ணா அடிச்சிட்டு சும்மா இருக்கும்" என்றார். ஒவ்வொன்றிலும் நாளுக்கு இருபது முறை ஓட்டுவார். ஐந்தாவது முறையில் தலை சுற்றும். வாளி அதற்குத்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி கையுறை.

சாலையை உள்ளே போட்டது நான். நில அளவைப் பொறியாளர் என்பதால் என்னைக் கேட்டார். பிளாக்வுட் சாலையில் ஒன்றரைக் கிலோமீட்டரை லேசர் கருவியால் அளந்தேன். பிழை இரண்டு சென்டிமீட்டருக்குள். மேடு, சரிவு, ஜல்லியின் ஆழம், வாய்க்கால் எல்லாம் வந்தன. கோப்பைக் கொடுத்தபோது திறந்து பார்த்துவிட்டு, "மரத்தக் காணோமே" என்றார். மரம் வேண்டாம் என்று நினைத்தேன் என்றேன். "போடும்மா" என்றார். மறுநாள் போய் அளந்தேன். சுற்றளவு மூன்று மீட்டர் பத்து.

ரேலிக் குறிப்பில் வளைவுகளுக்கு எண் உண்டு. ஆறு என்றால் கிட்டத்தட்ட நேர். ஒன்று என்றால் கொண்டை ஊசி. கூடவே வரும் ஐம்பது, நூறு என்பது அடுத்த வளைவுக்கு எத்தனை மீட்டர் என்ற கணக்கு. முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து எழுதிவைப்பார்கள். போட்டியின்போது வாசிப்பவர் சொல்வார், ஓட்டுபவர் அதன்படி திருப்புவார். வளைவு கண்ணில் படும் முன்பே வண்டி அதற்குத் தயாராகியிருக்கும். என் பெற்றோர் இதை முப்பது வருடம் செய்தார்கள். பிறகு நிறுத்த முடியவில்லை. ரொட்டி வாங்கப் போனாலும் அம்மா சொல்லிக்கொண்டேதான் வருவார். "இடது நாலு, அம்பது, வலது ரெண்டு, நாய்." பின் இருக்கையில் நான் சிரிப்பேன். அப்பா சிரிக்க மாட்டார். நாய்க்காக வேகத்தைக் குறைப்பார், நாய் கண்ணில் படும் முன்பே.

ஜூன் மழையில் பிளாக்வுட் சாலையின் ஒரு வளைவில் வெளிவிளிம்பு சரிந்தது. பாதையை மலைப்பக்கமாக வெட்டி நகர்த்தினார்கள். அம்மாவின் தலைக்குள் அது வலது ஐந்து. சாலையில் அது மூன்றாகியிருந்தது. அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பக்கம் போகவில்லை, ஜூலையில் ஒரு காலையில் விறகு ஏற்றப் போனதுவரை. எச்சரிக்கைப் பலகை இருந்தது. அப்பா பலகை பார்த்து ஓட்டுகிறவர் இல்லை. அம்மா சொன்னார், அப்பா கேட்டார். எழுபத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் யூட் இடப்பக்கமாக வழுக்கிப் போய் மரத்தில் மோதியது. அம்மா உட்கார்ந்திருந்த பக்கம். லான்செஸ்டன் மருத்துவமனையில் மூன்றாம் நாள் இறந்தார். அப்பாவுக்கு இரண்டு விலா எலும்பும் இடது மணிக்கட்டும் முறிந்தன. ஸ்டியரிங் திருகியிருக்கும் என்றார்கள்.

காவலரிடம் அப்பா, ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்த யூட்டில் ரேடியோ செத்து ஆறு வருடம்.

அம்மா என்ன சொன்னார் என்பதை அவர் ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார், செப்டம்பரில், வாளியைக் கழுவிக்கொண்டே. ஐந்து என்று நினைத்து உள்ளே போன பிறகு வளைவு கண்ணில் பட்டது. அப்போதும் ஒரு நொடிக்கு மேல் கையில் இருந்தது. அந்த நொடியில் வண்டியைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்பதைத்தான் கராஜில் உட்கார்ந்து பார்க்கிறார். எதற்கு என்று கேட்டேன்.

"முடியும்னா தப்பு என்னோடது. முடியாதுன்னா அவ சொன்னதால போச்சுன்னு ஆகும். அப்படி ஆகக் கூடாது."

"ஆனா எல்லாத்துலயும் மரத்துலதானேப்பா போய் முட்டுது?"

"அதான் நல்லதா ஒண்ணு பாத்துக் குடுன்னு கேக்கறேன்."

ரேலிச் சங்கத்தில் முன்பு வண்டிகளைச் சோதித்த மெர்வ் சனிக்கிழமைகளில் வருவார். கையில் வாத்து முட்டையோ, இறைச்சி அப்பமோ இருக்கும். அப்பாவைக் கேலி செய்ய உரிமை உள்ள ஒரே ஆள். ஹெட்செட்டை ஒருமுறை மாட்டிப் பார்த்து, இருக்கையிலிருந்து சரிந்து சமையலறை நாற்காலியைப் பிடிக்கப் போனார். அப்பா, "அதத் தொடாத" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். மெர்வ் தரையில் உட்கார்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு, "டேய், டட்சன்ல தலைகீழாத் தொங்கினப்பக்கூட எனக்கு வயித்தக் கலக்கல. இதுல உக்காந்த எடத்துலயே கலக்குது. நீ காசு குடுத்து வாந்தி எடுக்கிற" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. மெர்வ் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "மூணுலயும் அதே மரந்தான். நாலாவதுல மட்டும் வேற மரமாடா வரப்போவுது?" என்றார். அப்பா கையுறை போடத் தொடங்கினார். முதலில் இடது. மெர்வ் அப்பத்தை அடுப்பில் வைத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போனார்.

அந்த வாரம் நான் பதிவுகளை எடுத்தேன். சிமுலேட்டர் ஒவ்வொரு ஓட்டத்தையும் எழுதிவைக்கிறது: வேகம், பிரேக், ஸ்டியரிங்கின் கோணம், அதன் மேல் விழும் விசை. கடைசி நான்கு நாட்களில் மட்டும் இருநூற்றுப் பதினாறு ஓட்டங்கள். அம்மாவின் குறிப்பை அவரே முணுமுணுக்கும் இடம்வரை எல்லாம் ஒழுங்கு. பிரேக் ஒழுங்கு, எழுபத்தொரு வயதுக்கு அதிசயம். வளைவு தெரிந்ததிலிருந்து பத்தில் நான்கு பங்கு நொடி கழித்து, ஸ்டியரிங்கின் மேல் இருந்த விசை பாதியாகிறது. அதற்குப் பிறகு வளைவுக்கு வேண்டிய கோணத்தை ஸ்டியரிங் எட்டவில்லை. சோப்பிலும் அப்படி, தண்டவாளத்திலும் அப்படி, வாத்தியாரிலும் அப்படி. மோட்டாரில் கோளாறு என்று நினைத்தேன். கேபிள் மாற்றினேன். மின்வழங்கியை மாற்றினேன். மறுபடியும் பாதி.

அவர் கடைக்குப் போன நேரத்தில் நானே உட்கார்ந்தேன். தரையில் நான் அளந்துவைத்திருந்த யூட்டின் சறுக்குத் தடங்களோடு மிகவும் ஒத்துப்போனது வாத்தியார்தான், அதில் ஓட்டினேன். ஐந்து என்று சொல்லிக்கொண்டே எழுபத்தெட்டில் உள்ளே போனேன். நான் ரேலி ஓட்டியதில்லை. பத்து முறையில் ஏழு முறை, புழுதியோடு, ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கி, மரத்தைத் தாண்டிப் போனேன். மோட்டாரில் கோளாறு இல்லை.

வியாழக்கிழமை காலை, சமையலறைக் கதவருகில் நின்று அவர் ஓட்டுவதைப் பார்த்தேன். ஹெட்செட் மாட்டியிருந்ததால் நான் நிற்பது அவருக்குத் தெரியாது. அவர் காண்பது எதிரே இருந்த கணினித் திரையிலும் ஓடியது. "வலது அஞ்சு, நூறு" என்று முணுமுணுத்தார். வளைவு வந்தது. இடது கை ஸ்டியரிங்கிலிருந்து எழுந்து பக்கவாட்டில் நீண்டது. உள்ளங்கை விரிந்து, காற்றில் நின்றது. எதுவும் தட்டுப்படவில்லை. திரை இருளும்போது அது ஸ்டியரிங்கில் தன் இடத்துக்கு வந்துவிட்டது. பத்துக்கு. "சே, மறுபடி" என்று அவர் அடுத்த ஓட்டத்தைத் தொடங்கினார். ஆறு ஓட்டம் பார்த்தேன். ஆறிலும் கை போய் வந்தது. அவருக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையில் அம்மாவின் வலது காறை எலும்பின் மேல் நான்கு நீலத் தடங்கள் இருந்தன, விரல் அகலத்தில். சீட் பெல்ட் அழுத்தியது என்று செவிலியர் சொன்னார். அந்த இருக்கையில் பெல்ட் இடது தோளிலிருந்து வரும். அப்போதே அது எனக்கு உறுத்தியது. உறுத்தலை எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

மூன்று நாள் ஓட்டப் பதிவுகளை அச்சிட்ட காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அவர் கேட்ட பதில் அதில் இருந்தது. முடியும். இரண்டு கையும் இருந்தால் முடியும். அம்மா சொன்ன எண் தப்பாக இருந்தாலும் முடியும். தப்பு அவருடையதாக இருக்க வேண்டும் என்று விரும்பினார், அவருடையதுதான். அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

ஞாயிறு காலை அவரே கேட்டார். கையுறை போட்டாயிற்று, பிஸ்கட் பாதி கடித்தாயிற்று.

"கெர்ரி, நீ படிச்சவ. இந்த வாத்தியார் சொல்றது நெசந்தானா?"

"நெசந்தான்ப்பா. மூணுல இதுதான் சரி."

"அப்ப முடியாதா?" குரல் இறங்கிவிட்டது. "அவ சொன்னதுக்கப்புறம் ஒண்ணுமே பண்ணியிருக்க முடியாதா?"

"இன்னொரு தடவ ஓட்டுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

ஹெட்செட்டை மாட்டினார். திருகு இரண்டு சுற்று. நான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். அது கிறீச்சிட்டது, காதில் இன்ஜின் சத்தம் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. "சரியா?" என்றார். காத்திருந்தார். கிளம்பினார். எதிர்த் திரையில் பிளாக்வுட் சாலை வந்தது, நான் அளந்த ஜல்லி, நான் அளந்த சரிவு. அவ்வளவு பக்கத்திலிருந்து அவர் ஓட்டுவதை நான் பார்த்ததில்லை. நடுங்காத கைகள். பத்தும் இரண்டும்.

"வலது அஞ்சு, நூறு."

வளைவு திரும்பியது. கை வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக, எதிர்பார்த்ததைவிட பலமாக, என் வலது காறை எலும்பின் மேல் விரிந்து விழுந்து, என்னை நாற்காலியின் முதுகோடு அழுத்திப் பிடித்தது. திரையில் மரம் பெரிதாகி இருண்டது. மோட்டார் நின்றது. இந்த முறை கை திரும்பிப் போகவில்லை. கம்பளிச் சட்டையை உணர்ந்தது. அடியில் எலும்பை உணர்ந்தது. நான்கு விரல்களும் ஒருமுறை அசைந்து பார்த்தன.

பிறகு அப்பா, ஹெட்செட்டை வலது கையால் மட்டும் கழற்றினார்.