வலப்பக்கம் திரும்பின கதிரை

கிளடிசுக்கு வாய் கொஞ்சம் நீளம் எண்டு சென் ஜேம்ஸ் ரவுணிலை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். நெடுந்தீவுக்காரி. எண்பத்தஞ்சிலை கனடா வந்து, அகதிக் கேஸ் முடியமுன்னமே ஒரு முதியோர் இல்லத்திலை துப்புரவு வேலைக்குச் சேர்ந்தவள். வேலை போனால் பிள்ளையளின்ரை பாடு திண்டாட்டம். எண்டாலும் வாய் வாய்தான்.

அங்கை கோல்மன் எண்டொரு ஐரிஷ் கிழவர். அயர்லாந்துக்கு மேற்கை, நடுக்கடலிலை கிடக்கிற ஒரு துண்டுத் தீவு அவரின்ரை ஊர். முப்பது வருசத்துக்கு முந்தி அரசாங்கம், "இஞ்சை சீவிக்கேலாது" எண்டு ஒரு கடுதாசியைக் காட்டிச் சனத்தை ஊரைவிட்டு எழுப்பிப்போட்டுது. இப்ப அவரின்ரை வீட்டுச் சுவரின்ரை கல்லிடுக்கிலை கையளவு கறுத்தக் கடற்குருவியள் குஞ்சு பொரிக்குதாம். வள்ளம் இழுத்த கரையிலை கடல்நாயள் படுத்து வெயில் காயுதாம். கிளடிஸ் துடைக்கிறதை விட்டிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

மனிசன் தங்கம். ஆனால் காலமை சாப்பாட்டுக்குக் கொண்டுபோகச் சில்லுக்கதிரையைத் திருப்பினால் போதும், தன்ரை பாஷையிலை கத்துவார், கையாலை அடிப்பார். "மூளை குழம்பிட்டுது, மேல்மாடியிலை பூட்டி வைக்கிற வார்டுக்கு அனுப்புவம்" எண்டு மேற்பார்வைக்காரி எழுதிப்போட்டாள். அங்கை போனவை ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை.

கிளடிஸ் அண்டைக்குத்தான் வடிவாய்க் கவனிச்சாள். கதிரை இடப்பக்கம் திரும்பேக்கைதான் கத்தல். அட கடவுளே! அவளின்ரை அப்பாவும் வள்ளத்தைத் தள்ளி இறக்கினால் சூரியன் போற போக்கிலை, வலப்பக்கமாய்த்தான் திருப்புவார். மற்றப்பக்கம் திருப்பின வள்ளம் கரைக்கு வராது எண்டு பயம். அவள் மெல்லக் கதிரையை வலப்பக்கம் திருப்பினாள். கிழவர் மூச்சுக் காட்டேல்லை.

"உங்கடை தீவிலையும் இப்பிடியோ?"

"வேறை எப்பிடித் திருப்புறது?" எண்டார் கிழவர்.

மேற்பார்வைக்காரிக்கு மூக்குமேலை கோவம். "இடப்பக்கம்தான் கதவு கிட்ட. உந்த மூடநம்பிக்கைக்கு இஞ்சை இடமில்லை. இனிக் கதிரையைத் தொட்டால் உனக்கு வேலையில்லை."

வெள்ளிக்கிழமை டொக்டர் வந்தார். மேற்பார்வைக்காரி வேணுமெண்டே கதிரையை இடப்பக்கம் திருப்பினாள். கிழவர் கத்தினார். மேல்மாடிக்கு அனுப்புற கடுதாசியிலை கையெழுத்துவைக்க டொக்டர் பேனையை எடுத்தார்.  கிளடிஸ் வாளியை வைச்சிட்டுப் போய்க் கதிரையைப் பிடிச்சாள்.

"விடு!" எண்டு மேற்பார்வைக்காரி கத்தினாள்.

"விடமாட்டன்!"

வலப்பக்கம் திருப்பினாள். கிழவர் அடங்கினார். தெரிஞ்ச இங்கிலிஷிலை டொக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "உவர் விசரன் இல்லை, கடல்காரன். ஒரு கடுதாசியைக் காட்டி உவரை ஊரைவிட்டு எழுப்பினவங்கள். என்னையும் எழுப்பிப்போட்டாங்கள். ரெண்டாந்தரம் எழுப்ப நான் விடன்."

டொக்டர் கடுதாசியைக் கிழிச்சார். பின்னேரமே கிளடிசின்ரை வேலை போயிட்டுது.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்துக்கு அவள் நல்ல சாறி உடுத்திக்கொண்டு போனாள். கட்டில் தலைமாட்டிலை டொக்டரின்ரை எழுத்து: கதிரையை வலப்பக்கம் மட்டும் திருப்பவும். மேற்பார்வைக்காரி முகத்தை உம்மெண்டு வைச்சபடி கதிரையை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு நிண்டாள்.

"மெல்ல, மெல்ல" எண்டாள் கிளடிஸ். "வள்ளம் கவிண்டிடும்."