கட்டுத்தறியில் பதிந்த குரல்

நேற்று மகன் லாரியை நிறுத்திவிட்டு ஒரு பை மலைப்பூண்டைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தான். காந்தலூர்ப் பூண்டு. பையை அவிழ்க்கும் முன்பே வீடெல்லாம் வாசம். எனக்கு ரசம் நினைவுக்கு வரவில்லை, முத்துமாரிதான் வந்தாள். முகம் சுட்டது. இந்த வயதில் அடுப்படியில் தனியாக நின்று வெட்கப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் எங்கள் ஊர் வடகரப்பதியில் என் வாய்க்கு எதிர்வாய் கிடையாது என்று ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தின் கதைதான் இது.

கொரோனாவில் கல்லூரி விடுதியை மூடிவிட்டார்கள். முத்துமாரி எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சித்தூரில் தமிழ் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி வருஷம். அவளுடைய அப்பா அம்மா இருப்பது மலையில், தேயிலை எஸ்டேட் லயத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளை அங்கே லயம் என்பார்கள். அங்கே போனுக்கு ரேஞ்சு இல்லை, வகுப்போ போனில். காய்கறி ஏற்றப் போகும் என் மகனுக்கு அவள் அப்பாவோடு பழக்கம். “நம்மூட்டுல இருக்கட்டும்மா” என்று கூட்டிவந்துவிட்டான். கையில் ஒரு பை பூண்டோடு வந்தாள்.

எங்கள் வீட்டிலும் ரேஞ்சு மாடு கட்டும் கட்டுத்தறியில் மட்டும்தான். தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, செவலை மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். மாடு துப்பட்டாவைச் சப்பும், இவள் ஒரு கையால் இழுத்துக்கொண்டே மறு கையால் எழுதுவாள். எங்கள் பேச்சு அவளுக்குப் புதிது. நான் “அக்கட்டால போ” என்றால் நகராமல் என் முகத்தையே பார்ப்பாள். பிறகு எங்கள் சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தாள். ஒரு நாள் மாட்டிடம், “தண்ணி குடிங்க” என்றாள். என் வீட்டுக்காரர் கட்டிலில் புரண்டு சிரித்தார். “பாரு, மாட்டுக்கே மரியாதை. நீ எனக்கு எப்பக் குடுத்த?”

வகுப்பில் அவள் வாய் திறந்தால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். “வாரீக, போறீக” என்று அவளுடைய பேச்சையே சொல்லிக் காட்டுவார்கள். அதனால் அவள் பேசுவதையே விட்டிருந்தாள். அப்போதுதான் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். அவரவர் இருக்கும் ஊரில் வயதான ஒருவரின் பேச்சைப் பதிந்து, வகுப்பில் போட்டு விளக்க வேண்டும். கடைசி மார்க் அதற்குத்தான். மேலே படிக்க அது வேண்டும் என்றாள்.

நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதிவது குரலை மட்டும்தான் என்று தெரிந்தும் அட்டிகை வேறு போட்டேன். “பெரியோர்களே, எமது கிராமத்தில் விவசாயம் மிகவும் சிறப்பாக நடைபெறுகிறது” என்று ரேடியோக்காரரைப் போல ஆரம்பித்தேன். முத்துமாரி தயங்கி, “ஆச்சி, நீங்க மாட்டுகிட்ட பேசுவீகள்ல, அப்படிப் பேசுங்க” என்றாள்.

“ஏம்மா, காலேஜுக்காரங்க கேக்கறதுக்கு மாட்டுப் பேச்சா?” என்று சொல்லி, அதே ரேடியோக் குரலிலேயே பேசி முடித்தேன்.

இரண்டு நாள் கழித்து, கட்டுத்தறியில் போனிலிருந்து என் குரலே கேட்டது. “கம்முனு நில்லு கழுதெ! தவுட்டையும் தின்னுபோட்டு ஒதைக்கவா செய்யற?” பின்னாலேயே என் வீட்டுக்காரர், “ஏ புள்ள, மாட்டை வையறயா, என்னைய வையறயா?” மாட்டோடு நான் பேசியதை எனக்குத் தெரியாமல் பதிந்து வகுப்பில் போட்டிருக்கிறாள். போனுக்குள் எல்லாரும் சிரித்தார்கள்.

போனைப் பிடுங்கி, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். “சோறு போட்ட ஊட்டுலயே திருடுவியா? லயத்துல பொறந்த புத்தி போகுமா?”

சிரிப்பு நின்றது. முத்துமாரி அழவில்லை. “மன்னிச்சிருங்க ஆச்சி, கேட்டுட்டுப் போட்டிருக்கணும்” என்றாள். என் கண் முன்னால் அதை அழிக்கச் சொன்னேன். அழித்தாள்.

வீட்டுக்காரர் கட்டிலிலிருந்தே சொன்னார். “அந்த டீச்சரம்மா இதுதான் நெசமான பேச்சுன்னு சொல்லிட்டிருந்தாங்க. புள்ளைங்க சந்தோசத்துலதான் சிரிச்சுது. நீ அதுக்குள்ள குதிச்சுட்ட.”

குதித்தவள் இறங்கிவர வேண்டாமா? இறங்கவில்லை. அடுத்த வாரம் அவள் என் மகனுடைய லாரியிலேயே மலைக்குப் போய்விட்டாள். பட்டுச்சேலைப் பேச்சைத்தான் கொடுத்தாளாம். தேறினாள், மார்க் குறைவு. இப்போது மூணாறில் ஒரு ஓட்டலில் வருகிறவர்களுக்கு அறை காட்டுகிறாள். மேலே படிக்கவில்லை. என்னால்தானா என்று மகனிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

மறு வருஷம் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். மாட்டை விற்றுவிட்டோம். கட்டுத்தறி இருந்த இடத்தில் மகன் லாரியை நிறுத்துகிறான். அவர் குரல் இருக்கிறதா என்று பேரப்பிள்ளைகள் தங்கள் போனையெல்லாம் தேடிப் பார்த்தார்கள். தாத்தா படமாக இருக்கிறார், கல்யாணக் கூட்டங்களில் வாய் மூடி நிற்கிறார். அவர் பேசியது எதிலும் இல்லை. அவர் பேச்சைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது ஒரே ஒருத்திக்குத்தான்.

நேற்று அந்தப் பூண்டை உரித்துக்கொண்டிருந்தேன். யார் கொடுத்தது என்று மகனைக் கேட்டேன்.

“முத்துமாரிதான். ஆச்சிக்குன்னு சொல்லிக் குடுத்துச்சு.”