வெறும் வயிற்றில் ஏறிய பிரஷர்

ஆவடி சேக்காட்டில், எங்கள் வீட்டில் காபி வாசனை வராத காலை என்றால் அன்று அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை என்று அர்த்தம்.

அம்மா டிகாஷனே இறக்க மாட்டார். வாசனை மூக்கு வழியாகப் போய் சுகரைக் கூட்டிவிடும் என்று அப்பாவுக்குச் சந்தேகம். விஞ்ஞானம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்கும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை...

சில வருடங்களுக்கு முந்தைய கதை இது. அப்பா, ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. ஓய்வுக்குப் பிறகு திருப்பி அனுப்ப அவருக்குக் கிடைத்தது சாம்பார் மட்டுமே.

எழுபதைத் தாண்டியிருந்தார். சுகர் பழைய சிநேகிதம். பிரஷர் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

லேப்பில் "வெறும் வயித்துல வாங்க" என்பார்கள். போவார். ரத்தம் கொடுத்த கையோடு பக்கத்து கிளினிக்கில் டாக்டரைப் பார்ப்பார். டாக்டர் பட்டையைச் சுற்றி, புஸ் புஸ்ஸென்று காற்றடித்து, முகத்தைச் சுருக்குவார். பிரஷர் எகிறியிருக்கும். மாத்திரை வீரியம் கூடும். அடுத்த தடவையும் எகிறியிருக்கும். இன்னொரு மாத்திரை சேரும்.

வீட்டிலோ, கட்டிலை விட்டு எழுந்தால் அப்பாவுக்குத் தலை சுற்றியது.

எதிர்வீட்டு டில்லி மாமா, அப்பாவோடு வேலை பார்த்தவர், பார்த்ததுமே சொல்லிவிட்டார். "பிரஷர் ஏறிகினு கீது நைனா. உப்ப உட்ரு."

"உட்டு ஆறு மாசம் ஆவுதுய்யா."

"அப்ப ஊறுகாய உட்ரு."

"அதயும் உட்டாச்சி."

"அப்ப வேற இன்னா கீது உடறதுக்கு..." என்று டில்லி மாமா உண்மையான கவலையோடு யோசித்தார்.

ஒருநாள் கொல்லைக் குழாயடியில் அப்பா விழுந்தார். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அன்றே அம்மா சைக்கிள் சாவியை அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டார். தினமும் காலையில் ஆவடி மார்க்கெட் வரை மிதித்துப் போய்க் கீரை வாங்கி வருவதுதான் அப்பாவுக்கு மிச்சமிருந்த ராஜாங்கம்.

அடுத்த முறை விழுந்தால் இடுப்பு எலும்போடுதான் முடியும் என்று எனக்குப் பயம். மேனாம்பேட்டில் என் நாலாவது மாடி ஃப்ளாட்டுக்கே இருவரையும் கூட்டிவந்துவிட முடிவு செய்தேன். ஃப்ளாட்டைப் பார்க்க வந்த அப்பா பால்கனியில் நின்று கீழே பார்த்தார்.

"சைக்கிள எங்க நிறுத்துறது?"

அவர்களுக்கென்று ஒழித்துவைத்திருந்த அறையைக் காட்ட உள்ளே கூட்டிப்போனேன்.

ஃப்ளாட்டுக்கு மாறுவதற்கு முன் கடைசியாக ஒரு டெஸ்ட். வழக்கமான டாக்டர் ஊரில் இல்லை. அவர் இடத்தில் ஒரு பெண் டாக்டர். பிரஷர் பார்த்தார். வழக்கம்போல எகிறியிருந்தது. சீட்டில் எழுதப் போனவர், பேனாவை நிறுத்தினார்.

"காலைல மாத்திரை போட்டீங்களா?"

அப்பா அடிபட்டவர்போல நிமிர்ந்தார். "வெறும் வயித்துல வரச் சொன்னாங்களே மேடம்."

"பிரஷர் மாத்திரையுமா போடல?"

"எதுவுமே போடல."

"இதுக்கு முன்னாடி டெஸ்டுக்கு வந்தப்ப?"

"எப்பவுமே இப்படித்தான் மேடம்," என்றார் அம்மா, ஏதோ விருது வாங்கித் தருபவர்போல. "ஒரு வாய் தண்ணி இறங்காது."

மாத்திரை போடாத காலைகளில் மட்டுமே அவர் பிரஷரை உலகம் அளந்திருக்கிறது. அந்த அளவுக்குக் கொடுத்த மாத்திரைகளை மற்ற நாட்களில் ஒன்று விடாமல் போட்டிருக்கிறார்.

டாக்டர் சிரிக்கவில்லை. மறுநாள் சாப்பிட்டு, எல்லா மாத்திரையும் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். படுக்கவைத்துப் பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார். நின்றதும் பிரஷர் சரசரவென்று இறங்கியது.

"சுகர் ரொம்ப வருஷமா இருந்தா நரம்பு கொஞ்சம் மந்தமாயிடும். எழுந்து நின்னா பிரஷர் இறங்கும். இதுல மாத்திரையும் அதிகம். தல சுத்தாம என்ன செய்யும்?"

ஒரு மாத்திரையை நிறுத்தினார், ஒன்றைக் குறைத்தார். இனி டெஸ்ட் அன்று சுகர் மாத்திரை மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு. பிரஷர் மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுவிட்டே வரலாம்.

"ஒரு மடக்குன்னா எவ்ளோ மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர் அப்பா.

சில வாரங்களில் தலைசுற்றல் அடங்கியது. டாக்டர் சரியென்றதும் அம்மா அரிசி டிரம்முக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தார். நான் ஃப்ளாட்டில் ஒழித்துவைத்த அறையில் இன்று என் அயர்ன் பாக்ஸ் வசிக்கிறது.

டெஸ்ட் காலைகளில் இப்போதும் அந்த வீட்டில் காபி வாசனை கிடையாது. அந்த விதியை எந்த டாக்டராலும் தளர்த்த முடியவில்லை.

மாறியது ஒன்றுதான். நான் ஸ்கூலுக்குப் போன காலத்தில், தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்குள் அப்பா எழுந்து, குளித்து, பாதி வழி போயிருப்பார். இப்போது டாக்டர் சொன்னபடி, கண் விழித்ததும் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். தூரத்தில் சங்கு ஊதி முடிந்த பிறகுதான் எழுகிறார்.

போன வாரம் அங்கே தங்கியபோது பார்த்தேன். சங்கு ஓய்ந்தது. அப்பா எழுந்தார், நின்றார், சைக்கிள் சாவியை எடுத்தார்.

வேறு சங்கு ஒன்றுக்குப் பயந்துகொண்டிருந்த வீட்டில், அந்தச் சத்தம் எவ்வளவு நன்றாக இருந்தது...