பூச்சி தொடாத கீரை

சென்ற வாரம் எங்கள் வீட்டில் கீரை ஒரு பிரச்னையாகிவிட்டது.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவருபவர் செல்வி. முலாம் பூசும் பட்டறை ஒன்றின் பின்னால், காலி மனையில் அவரே பாத்தி கட்டி வளர்க்கிறார். இலையில் ஓர் ஓட்டை இருக்காது. ‘பூச்சி தொடாத கீரை’ என்று சொல்லித்தான் விற்பார். நானும் தெருவில் பலரிடம் பெருமையாகச் சிபாரிசு செய்திருக்கிறேன்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் ஷீலா, காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. அந்த ஓட்டையில்லாத இலைதான் அவரை உறுத்தியிருக்கிறது. ஒரு கட்டுக் கீரையை லேபுக்கு எடுத்துப் போனார். வெள்ளிக்கிழமை மாலை வந்து சொன்னார் – கீரையில் காட்மியம் என்கிற நச்சு உலோகம் இருக்கிறதாம். பட்டறைக் கழிவுநீரின் உபயம்.

செடி தளதளவென்று இருக்கிறதே என்றேன். விஷயமே அதுதான் என்றார். உலோகம் வேருக்குள் நுழைந்ததும் செடியின் சில ஜீன்கள் விழித்துக்கொள்ளுமாம். அவற்றின் தயவில் சின்னச் சின்னப் புரதத் துணுக்குகள் உருவாகி, உலோகத்தைப் பிடித்துக் கட்டி, செல்லுக்குள் இருக்கும் பையில் தள்ளி அடைத்துவிடும். செடி பிழைத்துக்கொள்ளும். பூச்சிகூட ஒதுங்கிப் போகலாம். சாப்பிடுகிற நமக்குத்தான் அது மெல்ல மெல்லச் சிறுநீரகத்தில் போய்ச் சேரும்.

பச்சையாக இருந்தாலே நல்லது என்று யார் நமக்குச் சொன்னது?

சரி, செல்வியிடம் எப்படிச் சொல்வது? அவர் கணவர் வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து அந்தப் பாத்திகள்தான் சோறு போடுகின்றன. நாளை சொல்லலாம்... நாளை மறுநாள் சொல்லலாம்... திங்கட்கிழமை காலையில்தான் சொல்ல எனக்கு வாய் வந்தது.

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. கூடையை இறக்கி வைத்தார்.

“எம் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்குது சார். ரத்தம் கம்மியா இருக்குது, கீரை குடுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நெதமும் இதத்தான் கடைஞ்சி ஊத்தறேன்.”

மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். ஷீலா இறங்கி வந்து, பயப்பட வேண்டாம், ஆனால் இன்றைக்கே டாக்டரிடம் விவரம் சொல்லிவிடுங்கள் என்றார். பாத்தியில் இருப்பதைப் பிடுங்கி ஆட்டுக்குக்கூடப் போடக் கூடாது என்றார். செல்வி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். வெள்ளிக்கிழமையே தெரியும் என்றேன்.

“அதான் சனிக்கிழமை எங்கிட்ட கீரை வாங்கலியா?”

அவர் பிழைப்பை நினைத்து இரக்கப்பட்டுத்தான் தள்ளிப்போட்டேன் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். என் வீட்டுச் சட்டியைக் காப்பாற்ற மட்டும் எனக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை!