ஆட்காட்டி போலக் கத்திய கரிச்சான்

இன்று காலை கொழும்பு பாமன்கடைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது மின்கம்பியில் குயில் கூவியது. நிமிர்ந்து பார்த்தால் குயிலில்லை, கரிச்சான். கறுப்பும் வெள்ளையுமான அந்தச் சின்னக் குருவிக்குச் சொந்தப் பாட்டும் உண்டு. ஆசை என்னவோ அடுத்தவன் பாட்டில்தான். பார்த்துக்கொண்டு நின்றதில் பஸ் போய்விட்டது.

யுத்த காலத்தில் வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் வாடகை அறையில் இருந்தேன். வேலை புதிது, நித்திரைப் பைத்தியம் பழையது. பக்கத்து அறையில் கிளிநொச்சியிலிருந்து வந்த பத்மாக்காவும் மகன் ரவியும். வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் தங்கப் பொலிஸ் பதிவு வேண்டும். கனடா அனுப்புகிற ஏஜென்சிக்காரன் "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" என்று சொல்லிச் சொல்லியே ரவியின் பதிவுக் காலம் முடிந்துவிட்டது. இருபது வயதுப் பெடியன். சுற்றிவளைப்பில் அகப்பட்டால் நேரே ஜீப்தான்.

வளவில் நின்ற பலாமரத்தில் ஒரு கரிச்சான். விடிய ஐந்து மணிக்குச் செண்பகம், குயில் என்று ஒரு சுற்றுப் பாடிவிட்டு, கடைசியில் ஆட்காட்டிக் குருவி மாதிரிக் கத்தும். வெள்ளவத்தையில் ஏது ஆட்காட்டி? எந்த வயற்கரையில் பாடமாக்கிக்கொண்டு வந்ததோ, அதற்கும் பதிவில்லை. ஆள் நடமாட்டம் கண்டால் கத்துவது ஆட்காட்டி. ஊரில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பத்மாக்கா பிள்ளையை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடியிருக்கிறார்.

"எழும்படா, ஆக்கள் வருகினம்! கோயிலுக்கு ஓடு!"

இங்கேயும் ஒவ்வொரு விடியலும் இதே கூத்து. ரவி கோயில் கூட்டத்தோடு கலந்து நின்றுவிட்டு ஏழு மணிக்குத்தான் திரும்புவான். பத்தாம் நாள் எரிச்சல் தாங்காமல் அவரை மரத்தடிக்குக் கூட்டிப்போனேன்.

"அக்கா, வடிவாப் பாருங்கோ. கரிச்சான். சும்மா நடிக்குது."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நாசமாப் போன குருவி! என்னையே பேய்க்காட்டிப்போட்டுது."

அன்றிலிருந்து ரவி ஏழு மணிவரை படுத்தான். நானும்தான்.

அதிலிருந்து எட்டாம் நாள் ஐந்தரைக்கு ஒழுங்கையை வளைத்தார்கள். கரிச்சான் வழமைபோல ஐந்து மணிக்கே கத்தியிருந்தது, ஒருவரும் எழும்பவில்லை. நான் வேலை செய்த கந்தோரின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு என்னை விட்டார்கள். ரவியைக் கட்டிய சாரத்தோடு ஏற்றினார்கள். எனக்கு வேண்டியிருந்தது காலையில் இரண்டு மணித்தியால நித்திரை. ஏழு நாள் கிடைத்தது.

பத்மாக்கா பொலிஸ், புதுக்கடைக் கோர்ட்டு லோயர்மார் என்று ஒரு வருஷம் அலைந்தார். ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன்.

"நீர் உள்ளதைத்தானே தம்பி சொன்னனீர்," என்றார். ஏசியிருந்தால் ஆறியிருப்பேன்.

இப்போது அங்கே ஏழு மாடி நிற்கிறது. வீடில்லை, பலா இல்லை, பதிவுத் துண்டை எவரும் கேட்பதுமில்லை. பத்மாக்கா போன வருஷம் வவுனியாவில் காலமானார். ரவியைப் பிடித்ததாக எந்தப் பொலிஸ் புத்தகத்திலும் எழுதியில்லையாம். ஏற்றியதைக் கண்ணால் கண்டவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான்.