வரிசை காலி, வேலை முடியவில்லை

குளம் நிரம்பி, மிகைநீரை ஆற்றில் விடும் வான்கதவுகளைத் திறந்த மறுநாள் காலை, கிளிநொச்சியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு இராசம்மா என்ற பெண் சேற்றுக் காலுடன் வந்தார். ஆற்றோரக் குடியேற்றத்தில் இருப்பவர். தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம்.

"ஐயா, தண்ணி வரப்போவுதுன்னு எல்லாருக்கும் போன் அடிச்சுச்சாம். எங்களுக்கு அடிக்கவே இல்ல. ரெண்டு மாடும் கட்டுன கயித்தோடயே போயிருச்சு. அவுக்கப் போன எங்க வீட்டுக்காரரு மரத்தப் புடிச்சுத் தப்பிச்சாரு."

வெள்ள எச்சரிக்கை அழைப்புகளை அனுப்பும் முறைமை எங்களுடையது. நான்தான் அதற்குப் பொறுப்பு. திரையைப் பார்த்தேன். எல்லாம் பச்சை. வரிசையில் காத்திருக்கும் அழைப்புகள்: பூச்சியம்.

"எங்கட பக்கம் பிழை ஒண்டுமில்லை. உங்கட போன் நிண்டிருக்கும். சார்ஜ் போட்டு வையுங்கோ."

"கையிலயே வச்சிருந்தேங்க."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை" என்று சிரித்தேன்.

தோட்டத்துச் சனம், போனைப் பாவிக்கத் தெரியாது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். என் குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து குடியேறியதுதான். அவருக்கு முன் எனக்கு என்ன மேன்மை?

"இன்னிக்கும் தொறப்பாங்களாம். அப்பவாச்சும் அடிக்குமாய்யா?" என்று கேட்டுவிட்டு அவர் போனார்.

இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டும். கிராமத்தவர்களின் இலக்கங்களைச் சிறு தொகுதிகளாக வரிசையில் வைப்போம். கிளவுட்டில், அதாவது வாடகைக்கு எடுத்த தொலைதூரக் கணினிகளில், கொன்ரெயினர் என்ற தனித்தனி நிரல்கள் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு தொகுதியை எடுத்து, ஒவ்வொருவராக அழைத்து, பதிவு செய்த குரலை ஒலிக்கவிடும். வரிசை நீண்டால் கொன்ரெயினர்கள் தாமாகவே கூடும். குறைந்தால், ஓடும் நேரத்துக்குக் கட்டும் காசை மிச்சம்பிடிக்கத் தாமாகவே நின்றுவிடும். ஓட்டோ ஸ்கேலிங் என்பது இதுதான். நிறுத்துவதற்கு முன் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்லிவைக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்த பொறியியலாளர் துஷ்யந்தி, கூடுதலாகப் பொறுக்கும்படி வைத்திருந்தார். நான் அதை வெட்டி, அடியோடு பொறுக்காதபடி மாற்றினேன். யுத்த காலத்தில், கிடைத்தற்கரிய மண்ணெண்ணெயில் ஜெனரேற்றர் ஓட்டியவன் நான். தேவை முடிந்த கணமே நிறுத்தாவிட்டால் எனக்கு நெஞ்சு பதறும்.

"சேர், நீங்கள் கிளவுட்டுக்கும் மண்ணெண்ணெய் ஊத்திறியள்" என்று அப்போதே துஷ்யந்தி சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

இராசம்மா போன பிறகு துஷ்யந்தி தன் கணினி முன்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"சேர், அந்த அம்மான்ர நம்பரை அழைப்புப் பதிவு லொக்கில தேடினனான்."

"ஓஃபில இருந்திருக்கும்."

"இல்லை சேர். நாங்கள் அவாக்கு அடிக்கவே இல்லை."

கொன்ரெயினர்கள் தொகுதிகளை எடுத்துக்கொண்டதும் வரிசை காலியாகியிருக்கிறது. வரிசை காலி என்றால் வேலை இல்லை என்று முறைமை எடுத்துக்கொண்டது. நான் சொல்லிவைத்தபடியே, பாதி அழைப்பில் இருந்த கொன்ரெயினர்களை உடனே நிறுத்தியது. அவற்றின் கையில் மிச்சமிருந்த இலக்கங்களும் அவற்றோடு அழிந்தன. திரை மட்டும் பச்சையாக இருந்தது.

"எத்தினை பேர்?" என்று கேட்டேன். துஷ்யந்தி திரையைத் திருப்பிக் காட்டினார். பெயர்கள் கீழே கீழே ஓடிக்கொண்டிருந்தன. நின்றபடியே கடைசிப் பெயர்வரை பார்த்தேன்.

பிற்பகலில் மறுபடியும் வான்கதவு திறக்க இருந்தார்கள். ஓட்டோ ஸ்கேலிங்கை நிறுத்தி, கொன்ரெயினர்கள் வேலை முடியும்வரை நிற்கும்படி செய்தோம். அதையும் நம்பாமல், முதல்நாள் விடுபட்டவர்களை எங்கள் சொந்தப் போன்களிலேயே அழைத்தோம். இராசம்மாவை நான் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். தண்ணீர் வருகிறது, மேட்டுக்குப் போங்கோ என்று மட்டும் சொன்னேன். பிழை எங்களுடையது என்று சொல்லவில்லை.

"மேலிடத்துக்குத் தொழில்நுட்பக் கோளாறு எண்டு ஒரு வரி எழுதுங்கோ, போதும்" என்றார் முகாமையாளர். எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளம் வடிந்த பின் இராசம்மாவின் வீட்டுக்குப் போனேன். பிழை உங்களுடையதல்ல, நான் செய்த மாற்றம்தான் காரணம் என்று சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"இத எங்க வீட்டுக்காரருக்கு முன்னாடி சொல்லுங்கய்யா" என்றார். "போன அணைச்சு வச்சு மாட்டக் கொன்னுட்டேன்னு எங்கிட்ட பேசுறதே இல்ல. போன் நின்னுருக்கும்னு ஆபீசு ஐயாவே சொன்னாருன்னு நான்தான அவருகிட்ட வந்து சொன்னேன்."

மாடுகளைத் தவிர நான் அழித்தது இன்னொன்று இருந்ததென்று அதுவரை எனக்குத் தெரியாது.

கணவர் முத்தையா உள்ளே படுத்திருந்தார். மரத்தில் மோதிய கையில் கட்டு. அவர் முன்னால் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

இளையவர்களே, ஒன்றை நிறுத்த முன் அதன் கையில் வேலை மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு வரவில்லை என்று ஒருவர் வந்து நின்றால், முதலில் அவருடைய இலக்கத்தைத் தேடுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை.

முத்தையா சுவர்ப்பக்கம் திரும்பி, கட்டுப் போட்ட கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "ராசம்மா" என்று மட்டும் கூப்பிட்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.